நட்பை நம்பி லாரி அனுப்ப முடியாது

2025 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. வங்கதேசச் சரக்கு தரைவழியாக இந்தியாவுக்குள் வந்து, நம் துறைமுகம், விமான நிலையம் வழியே மூன்றாம் நாட்டுக்குப் போகலாம் என்று 2020 முதல் இருந்த வசதியை 8-ஆம் தேதி டெல்லி ரத்து செய்தது. பெனாபோல், போம்ரா, சோனா மசூதி, பங்களாபந்தா, புரிமாரி ஆகிய தரைவழிச் சாவடிகளில் இந்திய நூலை இறக்கக் கூடாது என்று 13-ஆம் தேதி டாக்கா சொன்னது. மே 17 அன்று மறுபடி டெல்லியின் முறை. வங்கதேச ஆயத்த ஆடைகள் எந்தத் தரைவழிச் சாவடியிலும் நுழையக் கூடாது. நவசேவா, கொல்கத்தா என்ற இரண்டு கடல் துறைமுகங்களில் மட்டும் இறக்கலாம். உடனடி அமல். பெனாபோல் பக்கம் சட்டைத் துணிமணிகளோடு வந்து நின்ற லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

கோவையில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு இதில் என்ன கவலை என்று தோன்றலாம். நான் நூல் ஏஜென்ட். ஸ்பின்னிங் மில்களிடம் சரக்குப் பேசி, வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு அனுப்பி வைப்பது என் தொழில். என்னிடம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் டாக்காவை ஒட்டிய நாராயண்கஞ்சில் இருக்கிறார்கள். பனியன் துணிக்குப் பேர்போன ஊர் அது. அங்குள்ள தான்பஜார்தான் அந்த நாட்டின் பெரிய நூல் மண்டி. முப்பதாம் நம்பர் கோம்டு, நாற்பதாம் நம்பர் கார்டடு என்று நாம் பேசுகிற பேச்சு அப்படியே அங்கும் செல்லும். வங்கதேசத்தில் பருத்தி விளைச்சல் மிகச் சொற்பம். ஆனால் ஆடை ஏற்றுமதியில் பல ஆண்டுகளாகச் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருந்துவரும் நாடு அது. பஞ்சும் நூலும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். இந்தியப் பருத்தி நூலை அதிகம் வாங்குவது அவர்கள்தான். திண்டுக்கல்லிலும் ராஜபாளையத்திலும் இரவு ஷிப்ட் ஓடுவதில் நாராயண்கஞ்சுக்கும் பங்கு இருக்கிறது.

கடல் வழி திறந்துதானே இருக்கிறது என்பார்கள். தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏற்றினால் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறித்தான் சிட்டகாங் போய்ச் சேரும். பெரிய மில், பெரிய பார்ட்டி என்றால் அது சரிப்பட்டு வரும். நாலு வட்டப் பின்னல் இயந்திரம் வைத்திருக்கும் நாராயண்கஞ்சுக்காரர் ஒரு லாரி லோடுக்கு மட்டும் எல்.சி. எனும் வங்கி உறுதிக் கடிதம் திறப்பார். அவருக்குச் சாலைதான் வழி. கன்டெய்னர் கணக்கில் வாங்கி இருப்பு வைக்க அவரிடம் பணம் கிடையாது. கப்பல் வரும்வரை அவருடைய வெளிநாட்டு பையரும் காத்திருக்க மாட்டார். அடைபட்டது இவரைப் போன்றவர்களின் வழி.

மே மாத உத்தரவைத் திருப்பூர் வரவேற்றது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2011 முதல் வங்கதேச ஆடைகள் தீர்வையின்றி இந்தியாவுக்குள் வருகின்றன. ஆண்டுக்குச் சுமார் 70 கோடி டாலர் சரக்கு. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் சிறு யூனிட்டுகள் அந்த விலையோடு போட்டி போட முடியாமல் திணறியதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாதுகாப்புக் கேட்டால் பேசலாம், வரி விதிக்கலாம், அளவு நிர்ணயிக்கலாம். ஆனால் அந்த மகிழ்ச்சி மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூரின் ஆர்டர்கள் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் நகரத் தொடங்கின. வங்கதேசம் போன ஆர்டருக்கும் நூல் வேண்டும். தையல் கூலி நம் கையைவிட்டுப் போனாலும் நூல் வியாபாரமாவது நம்மிடம் நின்றிருக்கலாம். அந்த நேரம் பார்த்துச் சாலை அடைபட்டுக் கிடந்தது.

2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து அவர் இந்தியாவுக்கு வந்தார். டாக்கா தெருக்கள் கொந்தளித்துக் கிடந்தன. பெனாபோலுக்கு எதிரே நம் பக்கம் இருக்கும் பெட்ராபோல் சாவடி சில நாள் நின்றது. பிறகு லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரு நாட்டின் ஆட்சியே விழுந்தபோது சில நாள் மட்டும் நின்ற வியாபாரம், எட்டு மாதம் கழித்து வந்த ஒரு பக்கச் சுற்றறிக்கையால் மாதக்கணக்கில் நின்றது. அந்தக் கொந்தளிப்பில் இரு நாடுகளுக்கும் இடையே எதெல்லாம் அறுந்தது, எதெல்லாம் அறாமல் நின்றது என்று அன்று முதல் யோசித்துவருகிறேன்.

அறாமல் நின்றவற்றில் முதலாவது கூச் பிஹார் நிலம். தமிழ் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத விஷயம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே 4,096 கிலோமீட்டர் எல்லை. இந்தியாவுக்கு வேறெந்த நாட்டோடும் இவ்வளவு நீள எல்லை இல்லை. 1947-இல் சிரில் ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் கோடு கிழித்தார். கூச் பிஹார் அப்போது சமஸ்தானம். முகலாயர் காலத்துப் போர்கள், உடன்படிக்கைகள் வழியாக அதன் நிலம் இன்றைய வங்கதேசத்தின் ரங்க்பூருக்குள்ளும் ரங்க்பூர் நிலம் அதற்குள்ளும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தது. சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்ததும் அந்தத் துண்டுகள் அயல்நாட்டின் நடுவே அகப்பட்டன. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், மொத்தம் 17,160 ஏக்கர். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள், 7,110 ஏக்கர். தஹலா காக்ராபாடி என்ற ஓர் இடம் இருந்தது. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் துண்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடி இந்திய நிலம். ஒன்றே முக்கால் ஏக்கர்கூடத் தேறாத வயல். உலகில் வேறெங்கும் அப்படி ஒன்று இருந்ததில்லை.

அந்த நிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் வாழ்ந்தார்கள். சொந்த நாட்டு அதிகாரி அங்கே வர அயல்நாட்டு மண்ணைக் கடக்க வேண்டும், வர மாட்டார். சுற்றியிருக்கும் நாட்டு அதிகாரிக்கு அவர்கள் அந்நியர்கள். மின்கம்பம் அவர்கள் வயலைத் தாண்டிப் போகும், அவர்களுக்கு விளக்கு எரியாது. சங்ராபந்தா சாவடிக்கு வேலையாகப் போனபோது தின்ஹாட்டா பக்கம் முன்னாள் வங்கதேசத் துண்டு ஒன்றுக்குப் போயிருந்தேன். டீக்கடைக்காரருக்கு என் வயது இருக்கும். பள்ளிச் சான்றிதழில் அவருடைய அப்பா பெயர் வேறு யாருடையதோ. பக்கத்து இந்திய கிராமத்தில் ஒருவர் தன்னைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்ததால்தான் பையனைப் பள்ளியில் சேர்க்க முடிந்திருக்கிறது. “அவர் நல்ல மனுஷன் தாதா, ஆனால் என் அப்பா பெயர் ஒரு காகிதத்திலும் இல்லாமலே போய்விட்டது” என்றார். சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பலர் உண்டு.

இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் 1974 மே 16 அன்று இந்த நிலங்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். வங்கதேச நாடாளுமன்றம் அந்த ஆண்டே ஏற்றது. நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால் நம் பக்கம் இழுத்தது. 2011-இல் மன்மோகன் சிங் டாக்கா போய் கூடுதல் உடன்படிக்கை போட்டார். 2013 டிசம்பரில் மசோதா வந்தபோது பாரதிய ஜனதா, திரிணமூல், அசாம் கண பரிஷத் ஆகிய கட்சிகள் எதிர்த்தன. 2015 மே மாதம் அதே பாரதிய ஜனதாவின் அரசு கொண்டுவர, நூறாவது திருத்தம் இரு அவைகளிலும் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. கணக்குப் பார்த்தால் இந்தியா சுமார் 10,000 ஏக்கர் கூடுதலாகக் கொடுத்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் எல்லை மாறியது. 2016 மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலில் இந்தியப் பக்கம் சேர்ந்த மக்கள் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். 2024-க்குப் பிறகு எத்தனையோ கசப்பு வந்தும், அந்த நிலத்தைத் திருப்பித் தா என்று டெல்லியோ டாக்காவோ கேட்கவில்லை.

கடலும் அப்படியே. வங்காள விரிகுடாவில் 25,602 சதுர கிலோமீட்டருக்கு இருந்த தகராறில், சர்வதேச நடுவர் மன்றம் 2014 ஜூலையில் 19,467 சதுர கிலோமீட்டரை வங்கதேசத்துக்குக் கொடுத்தது. பெரிய நாடான இந்தியா தோற்றது, ஏற்றுக்கொண்டது. அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

மூன்றாவது கங்கை. 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான ஒப்பந்தம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் மே வரை நம் பக்கம் ஃபராக்கா அணையிலும் அந்தப் பக்கம் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டுப் பொறியாளர்களும் நீரை அளக்கிறார்கள். பத்து நாளுக்கு ஒரு கணக்கு. விநாடிக்கு 70,000 கன அடிக்குள் வந்தால் ஆளுக்குப் பாதி. 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் நமக்கு. அதற்கும் மேல் என்றால் நமக்கு 40,000, மிச்சம் அவர்களுக்கு. பற்றாக்குறை உச்சத்துக்குப் போகும் மார்ச் 11 முதல் மே 10 வரை, ஒரு பத்து நாள் உனக்கு, ஒரு பத்து நாள் எனக்கு என்று 35,000 உறுதி. காவிரிக்கு மாதக் கணக்கு எழுதி வாங்கவே நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் இந்த அட்டவணையின் அருமை புரியும். குறைகள் இல்லாமல் இல்லை. கோடையில் கணக்குப்படி நீர் வருவதில்லை என்ற புகார் அங்கே உண்டு. இருந்தாலும் 2025 மார்ச்சில், தூதர்களைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் காலத்திலும், வங்கதேசப் பொறியாளர்கள் ஃபராக்கா வந்து நீரைப் பார்த்துவிட்டு கொல்கத்தாவில் கூட்டுக் குழுவில் உட்கார்ந்தார்கள். எல்லைப் படைத் தலைவர்களின் கூட்டமும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது, ஆகஸ்டில் டாக்காவில் நடந்தது. நாள் குறித்திருந்தது, போனார்கள்.

அறுந்தவை எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில் நின்றவை. ஹசீனா காலத்தில் இந்தியாவுக்குப் பாதுகாப்பு விஷயத்தில் கிடைத்த உதவி சாதாரணமானது அல்ல. அதற்கு முன், 2004 ஏப்ரலில், சிட்டகாங் படகுத்துறையில் பத்து லாரி ஆயுதங்கள் பிடிபட்டன, அசாமின் உல்ஃபா தீவிரவாத அமைப்புக்குப் போகவிருந்தவை. ஹசீனா 2009-இல் ஆட்சிக்கு வந்த பிறகு உல்ஃபா தலைவர் அரவிந்த ராஜ்கோவா இந்தியாவின் கைக்கு வந்தார். 2015-இல் அனுப் சேத்தியாவும் வந்தார். வடகிழக்கில் ரத்தம் குறைந்ததில் டாக்காவுக்குப் பங்கு உண்டு. அதற்கு நன்றியாக நாம் அந்த ஒரு தலைவரோடும் ஒரு கட்சியோடும் மட்டும் உறவை முடிச்சுப் போட்டுக்கொண்டோம். அங்கே மற்ற கட்சிகளோடும், தெருவில் இறங்கிய மாணவர்களோடும் நமக்குப் பேச்சு இல்லை. அவர் போனதும் 2024 டிசம்பரில் அதே ஆயுத வழக்கில் முன்னாள் அமைச்சர் உட்படப் பலரை டாக்கா உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2008 முதல் கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் ஓடிய மைத்ரி எக்ஸ்பிரஸ் 2024 ஜூலைக் கலவரத்தோடு நின்றது. விசா சுருங்கியது. வேலூர் மருத்துவமனைத் தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் லாட்ஜ்காரர்களைக் கேளுங்கள், வங்கதேச நோயாளிகள் வராத மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்வார்கள்.

இவ்வளவுக்கும் வங்கதேசத்தின் பக்கம் தப்பு இல்லையா என்று என் நண்பர்கள் கோபமாகக் கேட்கிறார்கள். இருக்கிறது. ஹசீனா போன பிறகு இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன. அதை இந்தியா கேட்டே ஆக வேண்டும். 2025 மார்ச்சில், அப்போதைய இடைக்கால அரசின் தலைவர் முகமது யூனுஸ் பெய்ஜிங்கில் நின்று, இந்தியாவின் வடகிழக்கு கடலில்லாத பகுதி, இந்தப் பக்கத்துக் கடலுக்கு நாங்கள்தான் காவலர்கள் என்ற பொருளில் பேசியது, பொறுப்பில் இருப்பவர் பேசக் கூடாத பேச்சு. நம் பக்கமும் அகர்தலாவில் அவர்களின் துணைத் தூதரகத்துக்குள் கும்பல் புகுந்தது. 2025-இல் வங்காள மொழி பேசுகிறவர்களைப் பிடித்து இரவில் எல்லை தாண்டித் தள்ளினார்கள். அதில் இந்தியர்களும் அகப்பட்டார்கள். ஒரு கர்ப்பிணியால் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் டிசம்பரில் திரும்ப முடிந்தது. முள்வேலியில் ஆண்டுதோறும் விழும் பிணங்களுக்கு டாக்காவின் மனித உரிமை அமைப்புகள் இரட்டை இலக்கத்தில் கணக்கு வைத்திருக்கின்றன. 2011 ஜனவரியில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி சுடப்பட்டு வேலியிலேயே தொங்கிய படம் அந்த நாட்டில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ராமேஸ்வரத்திலிருந்து கடலுக்குப் போனவன் சுடப்பட்டுத் திரும்பி வந்த வேதனை தெரிந்த தமிழ்நாட்டுக்கு, அந்தப் படம் அங்கே என்ன செய்திருக்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

இவற்றைக் கேட்கத் தூதர்கள் இருக்கிறார்கள், நீதிமன்றங்கள் இருக்கின்றன. சாவடியை அடைத்துக் கேட்டால் யாருக்கு வலிக்கிறது? யூனுஸ் பேச்சுக்கும் பெட்ராபோலில் மூட்டை தூக்குகிறவருக்கும் சம்பந்தம் இல்லை. தாக்கப்பட்ட இந்துவுக்கும் இதனால் ஒரு பாதுகாப்பும் கூடவில்லை.

சாவடி திறந்திருந்த காலத்திலும் அங்கே நிலைமை நன்றாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ராபோல்-பெனாபோலைக் கடக்க ஒரு லோடுக்குச் சராசரியாக 138 மணி நேரம் ஆகிறது, அதில் 28 மணி நேரம் ஒரு லாரியிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாற்ற மட்டும் என்று 2021-இல் உலக வங்கி கணக்கிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே அளவு போக்குவரத்துள்ள எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறதாம். எல்லையில் திறந்தவெளியில் இறக்கிவைத்து மழையில் நனைந்த என் லோடு ஒன்று, கோன் கோனாகக் கறையேறி, பாதி விலைக்குப் போனது. அதை ஏற்றிச் சென்ற நாமக்கல் டிரைவர் வாரக்கணக்கில் காத்திருந்து, “இனி இந்தப் பக்கம் லோடு சொல்லாதீங்கண்ணா” என்றார். 2015-இல் திம்புவில் வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் வாகனங்கள் எல்லை தாண்டி ஓட ஒப்பந்தம் போட்டன. அது நடைமுறைக்கு வந்திருந்தால் சரக்கு மாற்றும் வேலையே இருந்திருக்காது.

வங்கதேச மில்காரர்களின் புகாரிலும் நியாயம் உண்டு; நூல்காரனாக நான் அதை மறைக்கக் கூடாது. தரைவழிச் சாவடிகளில் சோதனை பலவீனம். தடித்த நூல் என்று எழுதி மெல்லிய நூலும், சொன்ன எடைக்கு மேல் சரக்கும் போயின என்பது அவர்கள் குற்றச்சாட்டு. எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. செய்தவர்கள் சிலர் உண்டு. சாவடியிலேயே இரு நாட்டு ஆட்களும் சேர்ந்து கவுண்ட்டும் எடையும் பார்க்கும் சோதனைக்கூடம் வைத்தால் அந்தப் புகாருக்கு வேலை இல்லை. கங்கை நீரைச் சேர்ந்து அளக்கத் தெரிந்தவர்களுக்கு நூல் மூட்டையை அளப்பது பெரிய காரியமா?

இரு நாட்டுக்கும் 1972 முதல் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. 2015 ஜூனில் தானாகவே புதுப்பிக்கும் வகையில் அதை நீட்டினார்கள். அதில் சேர்க்க வேண்டியது இரண்டு வரி. நோய்த்தொற்று, போர் போன்ற அவசரம் தவிர, அறுபது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தச் சரக்குக்கும் எந்தச் சாவடியையும் அடைக்கக் கூடாது. எல்.சி. திறந்த சரக்கும் வழியில் இருக்கும் சரக்கும் தடைக்குள் வரக் கூடாது. இது நடக்காத காரியம் இல்லை. ஏப்ரல் 8 உத்தரவிலேயே, ஏற்கெனவே இந்தியாவுக்குள் வந்துவிட்ட சரக்கைப் பழைய முறைப்படி வெளியேற விடலாம் என்று டெல்லி எழுதியிருந்தது. சலுகையாக எழுதியதை உரிமையாக எழுத வேண்டும். அந்த உத்தரவுகள் எந்த வேகத்தில் வந்தனவோ அதே வேகத்தில் திரும்பப் பெறப்படலாம், மறுபடியும் வரலாம். திரும்பப் பெற்றார்கள் என்பதை மட்டும் நம்பி ஒரு மில்காரர் வங்கதேசத்துக்காக இன்னொரு இயந்திரம் வாங்க மாட்டார். மைமன்சிங்கில் ஒருவர் நம் நூலை நம்பித் தறி போட மாட்டார்.

கங்கை ஒப்பந்தத்தின் முப்பது ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. பிடிக்கிறதோ இல்லையோ, அதைப் புதுப்பிக்க இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். வர்த்தகச் செயலர்களும் அதே சமயத்தில் உட்காரலாம். தீஸ்தா நதிநீர் ஒப்பந்தத்தைப்போல் இதையும் இழுக்க விடக் கூடாது. கோவை, திருப்பூர், திண்டுக்கல், தென்காசி எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேள்வி நேரத்தில் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்: மே 17 உத்தரவுக்கு முன் எங்கள் ஊர் மில்களையும் தையல் யூனிட்டுகளையும் வர்த்தக அமைச்சகம் கேட்டதா, கேட்டிருந்தால் யாரை, எந்தத் தேதியில்?